நாற்பத்திரண்டுக்குக் கீழே

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா பத்திரமா வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையைத் தலையணைக்கடியில சொருகி வெச்சுட்டு "அப்பவே போட்டுக்கிட்டேனே"ன்னு சொல்லுவா. நம்பிடாதே. பக்கத்துல நின்னு முழுங்க வை.

ஒன்பது மணி நேர பஸ். கடைசி ரெண்டு மணி நேரம் ரெண்டு பக்கமும் உடைச்சுப் போட்ட கல்லுக்குவியல்தான். ஊர்னு சொன்னா ஆலைதான். மோதிரத்துல பதிக்கிற கல்லை வெட்டிப் பட்டை தீட்டுற ஆலை. ஊர்ல முக்காவாசிப் பேருக்கு அங்கேதான் வேலை. எனக்கு ஒரு சைக்கிள் கடை மாடியில அறை கிடைச்சிருக்கு. ஜன்னலைத் திறந்தா ஆலையோட கம்பிவேலி. பகல் முழுக்க சக்கரம் சுத்துற சத்தம், கொசு காதுல நுழைஞ்ச மாதிரி. ரெண்டே நாள்ல பழகிடுச்சு. ஊருக்கு ஒரே ஒரு போன், அதுவும் ஆலை ஆபீஸ்ல இருக்கு. அதனால இனிமே நமக்குத் தபால்தான்.

ஆலைக்கு வெளியே ஒரு கொட்டகை இருக்கு, அதுல உட்கார்ந்து அளக்கிறேன். வெளிநாட்டு ஆட்களோட வாய் எவ்வளவு திறக்கும்னு புஸ்தகத்துல இருக்கு, நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு திறந்தா அது சாதாரணம்னு எவனும் ஒழுங்கா அளக்கலைன்னு நம்ம ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் புலம்புவாரே, அதைத்தான் இப்ப ஊர் ஊரா அளக்கிறோம். மேல் முன்பல் நுனியிலேர்ந்து கீழ் முன்பல் நுனி வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர். வேலை அவ்வளவுதான். நம்ம ஆஸ்பத்திரியில ஒரு வாயைத் திறக்க வைக்கணும்னா கால்மணி நேரம் கெஞ்சணும். இங்கே நேர்மாறு. நாற்காலியில உட்காரும்போதே தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, ஆன்னு திறந்துடறாங்க. நான் வாயைத் திறங்கன்னு சொன்னதே கிடையாது. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கவும் இல்லை. இப்படி ஒரு தங்கமான ஜனத்தை நான் பார்த்ததே இல்லை.

முதல் கட்டுத் தாளை இதோட வெச்சிருக்கேன். நூத்தி நாப்பது பேர். கணக்குல புலி நீதானே, பார்த்துச் சொல்லு.

அம்மாவை நல்லா பார்த்துக்கோ. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

•

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். தலையணைக்கடியில ஒன்பது மாத்திரை எடுத்தேன். அம்மா, "அது பழசு"ன்னு சாதிச்சுட்டா. நீ வேலைக்குப் போன இடத்துல வாய் அளக்கிறியாமேன்னு எதிர்வீட்டு மாமி கேட்டாளாம். "முதல்ல உன் வாயை அளக்கணும்டி"ன்னு மனசுல நினைச்சுக்கிட்டேன்னு அம்மா சொல்றா. மனசுல மட்டும்தான் நினைச்சாளான்னு எனக்குச் சந்தேகம்.

அக்கா, தாளைப் பார்த்தேன். கோவிச்சுக்காதே, ஒண்ணு கேக்கறேன். ஆள் உயரம் ஒருத்தருக்கு ஒருத்தர் வேற மாதிரி இருக்கிற மாதிரிதானே வாயும்? மத்த ஊர்த் தாள்ல எல்லாம் முப்பத்தஞ்சு, நாப்பது, நாப்பத்தெட்டு, ஐம்பத்தஞ்சுன்னு பரவிக்கிடக்கு. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கம்மி, வயசானவங்களுக்கு இன்னும் கம்மி. நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு. உன் தாள்ல இடது பக்கச் சரிவே இல்லை. நாப்பத்திரண்டுல கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிக்குது. நாப்பத்தொண்ணு கூட ஒண்ணு கிடையாது. நூத்தி நாப்பது பேர்ல இருபது இருபத்தஞ்சு பேராவது கீழே வரணும். அதுக்கு மேல என்னன்னா, பாதிப்பேர் சரியா நாப்பத்திரண்டுலயே நிக்கிறாங்க.

சின்ன வாய்க்காரங்க எல்லாம் எங்கே போனாங்க?

வெயில்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டியோன்னு பெரிய டாக்டர் கேட்டார். நான் சிரிச்சுச் சமாளிச்சேன். உன்னையே எடுத்துக்கோ. படிக்கிற காலத்துல என்கிட்ட கருவியைக் கொடுத்து அளக்கச் சொன்னியே, எத்தனை தடவை அளந்தாலும் முப்பத்தாறுதான். நீ அந்த ஊர்ல பிறந்திருந்தா நீயும் காணாமப் போயிருப்பேன்னு அம்மாகிட்ட சொன்னேன். தலையில குட்டினா.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் போடு.

தம்பி

•

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அம்மா சுகமா? உன் ஜலதோஷம் போச்சா?

உன் கடுதாசியைப் படிச்சதும் வந்த கோபத்துக்கு நீ பக்கத்துல இருந்திருந்தா காதைத் திருகியிருப்பேன். பதினாலு வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விட்டுப் பிழைக்கிறவ நான். கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேனா? இப்ப அறுநூத்திப் பன்னிரண்டு பேர் ஆச்சு. சந்தேகத்துக்கு அறுபது பேரை மறுபடி கூப்பிட்டு அளந்தேன். அதே கதைதான். நாப்பத்திரண்டுக்குக் கீழே ஒரு ஆள் இல்லை.

ஆனா நீ சொன்னப்புறம் ஒண்ணு கவனிச்சேன். பட்டை தீட்டுற ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், நாற்காலியில நாப்பத்திரண்டுல கச்சிதமா நிறுத்தினார். எழுந்து போகும்போது ஒரு கொட்டாவி விட்டார் பாரு, ஐம்பத்திரண்டுக்குக் கம்மி இல்லை. "முழுசாத் திறக்கலாமே, ஏன் பாதியில நிறுத்துறீங்க?"ன்னு கேட்டேன். அவருக்கு நான் என்ன கேக்கறேன்னே புரியலை. "கட்டை அளவு அவ்வளவுதானேம்மா"ன்னார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆலையை விட்டு வெளியே வரும்போது வாயில கல்லை ஒளிச்சு வெச்சிருக்காங்களான்னு தினமும் பார்ப்பாங்களாம். வாசல்ல ஒரு காவல்காரம்மா இருக்கா, டார்ச்சம்மான்னு கூப்பிடறாங்க. அவ கையில ஒரு மரக்கட்டை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல அதை நிறுத்தி, டார்ச் அடிச்சுப் பார்த்து, "போ"ன்னு சொல்லுவாளாம். கட்டையோட உயரம் நாப்பத்திரண்டு. வேலைக்குச் சேர்க்கும்போதே அது நுழையுதான்னு பார்த்துத்தான் எடுப்பாங்களாம்.

சரி, சேரும்போது நுழைஞ்ச கட்டை வயசானா நுழையாமப் போகுமே, தாடை இறுகுமே, அப்ப என்ன செய்வீங்கன்னு கேட்டேன். எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் அந்தப் பட்டை தீட்டுறவர் மட்டும் திரும்பி வந்து, செருப்பை மாட்டிக்கிட்டே, என்னைப் பார்க்காம, "உள்ளே இருக்காங்கம்மா"ன்னார். "யாரு?"ன்னேன். "என் வீட்டுக்காரி. ஏழு வருஷமாச்சு"ன்னார்.

மேனேஜரைப் பார்த்து உள்ளே போய் அளக்க அனுமதி கேட்டேன். நல்ல மனுஷனாத்தான் தெரியுது. "தாராளமா போங்க டாக்டர், நீங்க பார்த்தா எங்களுக்கும் நல்லது"ன்னார். திங்கட்கிழமை போறேன். உன் இடது பக்கச் சரிவைக் கொண்டு வந்து தர்றேன், அப்புறம் மன்னிப்புக் கேளு.

அக்கா

•

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா இருக்கியா? பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஒண்ணு போட்டேன், இருபதாம் தேதி ஒண்ணு போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்லை. சைக்கிள் கடைக்காரர் விலாசத்துக்குத்தானே போடறேன்? மன்னிப்பு கேட்டுத்தான் எழுதியிருந்தேன். கோபம்னா திட்டியாவது ஒரு வரி போடு.

அம்மா தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நிக்கிறா. முட்டிவலின்னு சொன்னா, "நிக்கறதுக்கு என்ன வலி"ங்கிறா.

அறுநூத்திப் பன்னிரண்டு பேரையும் வரைஞ்சு பார்த்தேன். வரைபடத்தைச் சுவர்ல ஒட்டியிருக்கேன். பாதி மலையை யாரோ அள்ளிட்டுப் போன மாதிரி இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடப் பிடிக்கலை, கழட்டி வெச்சுட்டேன்.

உடனே பதில் போடு.

தம்பி

•

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமா இருக்கீங்கன்னு நம்பறேன்.

வேலை மும்முரத்துல எழுத முடியலை. இப்ப நான் ஆலைக்குள்ளயே தங்கியிருக்கேன். போக வர அலைச்சல் மிச்சம். அறை சுத்தமா இருக்கு. ரெண்டு ஜன்னல். வேளாவேளைக்குச் சாப்பாடு வருது. தபாலை ஆபீஸ்லயே வாங்கி, பார்த்து, அனுப்பிடறாங்க, நாம நடக்க வேண்டியதில்லை. சைக்கிள் கடை மாடியில இருந்த என் பெட்டியையும் அவங்களே கொண்டு வந்து கொடுத்துட்டாங்க. அந்த விலாசத்துக்கு இனிமே எழுதாதே.

இங்கே உள்ளேயே தங்கியிருக்கிறவங்க ரொம்ப அமைதி. யாரும் யாரையும் பூட்டி வைக்கலை. வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தேதான் இருக்கு. கட்டை நுழையாதவங்க பேருக்கு நேரா "பரிசோதனை பாக்கி"ன்னு ஆபீஸ் நோட்டுல எழுதியிருக்கும். டாக்டர் வந்து பார்த்து, இது இயற்கையான வாய்தான்னு சொல்லிட்டா போகலாம். டாக்டர் வர்ற தேதி இன்னும் முடிவாகலை. பரிசோதனை பாக்கி இருக்கும்போது தானா வெளியே போறவங்களைக் கல்லோட போனவங்கன்னு எழுதிடுவாங்க. குடும்பத்துல வேற யாருக்கும் அப்புறம் வேலை கிடையாது. அதனால யாரும் போறதில்லை. சாயங்காலம் வேலிக்கு அந்தப்பக்கம் வீட்டு ஆட்கள் வந்து நிப்பாங்க. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டுப் போயிடுவாங்க.

டாக்டர்னா நான் இருக்கேனே, நான் எழுதித் தர்றேன்னு சொன்னேன். ஒரு சின்ன முறைச் சிக்கல் இருக்கு, இப்போதைக்கு நான் யாருக்கும் எழுதித் தர முடியாதுன்னு மேனேஜர் மரியாதையா விளக்கினார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

நீ கேட்ட சின்ன வாய்க்காரங்க தாள் இதோ.

1. பெண், 58, கல் பிரிப்பு — 31
2. ஆண், 61, சக்கரம் — 32
3. பெண், 55, சக்கரம் — 33
4. ஆண், 66, வெட்டு — 34
5. பெண், 49, கல் பிரிப்பு — 35
6. ஆண், 57, பட்டை — 37
7. ஆண், 63, பட்டை — 38
8. பெண், 52, பட்டை — 38
9. பெண், 60, கல் பிரிப்பு — 39
10. ஆண், 59, வெட்டு — 40
11. ஆண், 54, சக்கரம் — 41
12. பெண், 36, வெளியூர் — 36

அம்மாகிட்ட எனக்கு இங்கே வசதியா இருக்குன்னு சொல்லு.

அக்கா

•

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைச்சது. நன்றி. அம்மா சுகம். நானும் சுகம்.

பன்னிரண்டாவதா இருக்கிற அந்த வெளியூர் அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும்னு நினைக்கிறேன். அவங்க வீட்டு ஆட்கள் எனக்கு ரொம்ப வேண்டியவங்க. பயப்பட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு. முப்பத்தாறு முழுக்க முழுக்கச் சாதாரண அளவு. உலகத்துல எத்தனையோ கோடிப் பேருக்கு அதேதான். அவங்க வாயில ஒரு கோளாறும் இல்லை. பொறந்ததே அப்படி.

அவங்க அம்மா மூணு நாளா சரியாச் சாப்பிடலை. நான் ஒண்ணும் சொல்லலை. தாளை மட்டும்தான் காட்டினேன். அவளுக்கு எண்ணெல்லாம் படிக்க வராதுன்னு நினைச்சிருந்தேன். வயசைப் பார்த்துட்டா.

பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். நல்ல அளவுகோலா எடுத்துக்கிட்டு நானே வர்றேன்.

தம்பி

•

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ சொன்னதை அந்த வெளியூர் அம்மாகிட்ட சொன்னேன். சந்தோஷப்பட்டா. ஆனா அவளுக்கு இப்ப அவ்வளவு அவசரம் இல்லை.

இங்கே காலையில ஒரு பழக்கம் இருக்கு. எழுந்ததும் எல்லாரும் நீளப் பெஞ்சுல வரிசையா உட்காருவாங்க. ஐஸ் குச்சி மாதிரி தட்டையான குச்சிகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பல்லுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அப்படியே இருப்பாங்க. இறுகின தாடையைத் தளர்த்த நாங்க சொல்ற வைத்தியம்தான் அது. யாரு இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு தெரியலை. குச்சி உள்ளே இருக்கும்போது பேச முடியாது. பன்னிரண்டு பேர், பேச்சே இல்லாம, வாயைப் பிளந்துக்கிட்டு சுவத்தைப் பார்த்து. வாயோரம் எச்சில் வழியும், பக்கத்துல இருக்கிறவங்க துடைச்சு விடுவாங்க. எனக்கு இடது பக்கம் பிரிப்புக்காரம்மா உட்காருவா, பட்டை தீட்டுறவரோட வீட்டுக்காரி. அவதான் எனக்குத் துடைப்பா. ஒரு குச்சி கூடுதலா நுழைஞ்சா அன்னிக்கு முழுக்கச் சிரிச்ச முகமா இருப்போம். மறுநாள் காலையில அது நுழையாது.

பிரிப்புக்காரம்மாவுக்குக் கண்ணு அவ்வளவு கூர்மை. ஒரு கைப்பிடி கல்லைக் கொட்டினா, கலர் வாரியா, பழுது வாரியா, நாலு மூச்சுல பிரிச்சுடுவா. பல்லைத் திறக்காமலேதான் பேசுவா. "ஏன் நீங்க ஒரு நாள் சும்மா நடந்து போயிடக்கூடாது?"ன்னு கேட்டேன். "போகலாம். வீட்டுக்காரர் வேலை போயிடும். மகன் வேலை போயிடும். அது கூடப் பரவாயில்லைன்னு ஒரு நாள் கிளம்பினேன். வாசல் வரைக்கும் போனேன். கால் வரலை. என் வாய்க்குள்ள நிஜமாவே கல்லு இருக்கோன்னு தோணிடுச்சு. நாக்கால தேடிப் பார்த்துக்கிட்டே திரும்பிட்டேன்"னா.

நான் சிரிச்சேன். நேத்து நானும் வாசல் வரைக்கும் போனேன். திறந்துதான் இருந்தது.

நீ வர வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை.

அக்கா

•

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜ்ல உட்கார்ந்து எழுதறேன். இதை மேனேஜர் கையிலயே கொடுக்கப்போறேன், படிச்சுட்டுத் தருவார். பரவாயில்லை.

பக்கத்துல வந்து பார்க்க விடலை, காலையில வேலிக்கு வெளியே நின்னு உன்னைப் பார்த்தேன். பெஞ்சுல இருந்தே. கையைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்தே, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆனா கையைத் தூக்கலை.

மேனேஜர் நல்லபடியா உட்கார வெச்சுப் பேசினார். "உங்க அக்காவை நாங்க பிடிச்சு வெக்கலை சார். கதவு திறந்திருக்கு பாருங்க. வாயைத் திறந்தாப் போதும், போகலாம்"ன்னார். "அவங்க வாய் அவ்வளவுதான் சார் திறக்கும்"னேன். "அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"னார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். "அந்தம்மா புகார் கொடுத்தாங்களா? வசதியா இருக்குன்னுதானே உங்களுக்கே எழுதியிருக்காங்க"ன்னார் அதிகாரி. உன் கடுதாசியையே என் பையிலேர்ந்து எடுத்துக் காட்டினேன், அதைப் படிச்சுட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

மறுபடி ஆலைக்குப் போய், பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, வாய் அளவு ஆளுக்கு ஆள் மாறும்னு வரைபடம் எல்லாம் வெச்சுப் பேசினேன். மூணு மணி நேரம். கடைசியில மேனேஜர் இறங்கி வந்தார். கட்டையை முப்பத்தாறாக் குறைக்க ஒத்துக்கிட்டார். தச்சருக்குச் சொல்லியாச்சு. சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து புதுக்கட்டைதான். உனக்கு நுழையும். பெட்டியைக் கட்டி வை. அம்மா தனியா இருக்கா, நான் இன்னிக்கே கிளம்பணும். ஞாயித்துக்கிழமை பஸ்ல நீ வா.

தம்பி

•

மே 13

தம்பிக்கு,

அம்மா எப்படி இருக்கா?

நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை மேனேஜர் எனக்குக் காட்டினார். உன் கையெழுத்து. "குறைந்தபட்ச அளவு முப்பத்தாறு." என் தாள்ல அதுக்குக் கீழே அஞ்சு பேர் இருந்தாங்க. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்து மூணு, முப்பத்து நாலு, முப்பத்தஞ்சு. எண்ணெல்லாம் உனக்கு மனப்பாடம். எழுதும்போது அவங்க ஞாபகம் வந்ததா, வரலையா?

இன்னிக்குக் காலையில பிரிப்புக்காரம்மா என் தலையைச் சீவி விட்டா. "நீங்க போற அன்னிக்கு நல்லாப் பின்னி விடறேன்"னா.

அக்கா

•

மே 21

அக்காவுக்கு,

வந்தது.

"முப்பதுன்னு கேட்டா ஒருத்தரையும் விட முடியாது, முப்பத்தாறுன்னா இப்பவே சம்மதம்"னு மேனேஜர் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன். மறுபடி கேட்டாலும் அதேதான் எழுதுவேன். நீ என்னை என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோ.

ரெண்டு ஞாயித்துக்கிழமை பஸ் வந்துட்டுப் போயிடுச்சு. அம்மா பஸ் நிலையம் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தா. முட்டி வீங்கியிருக்கு. இதை எழுத வேண்டாம்னு சொன்னா, எழுதறேன்.

தொழிலாளர் அதிகாரி ஆபீசுக்குப் பெரிய டாக்டர் புகார் அனுப்பியிருக்கார். பதில் வரலை.

தம்பி

•

ஜூன் 17

என் தம்பிக்கு,

அம்மா முட்டி வீக்கம் வடிஞ்சதா? சுடுதண்ணி ஒத்தடம் கொடு. இந்தக் கடுதாசியை யாரும் படிக்கலை, நானே ஒட்டி நானே பெட்டியில போடறேன். அதனால எல்லாத்தையும் எழுதறேன்.

அன்னிக்கு திங்கட்கிழமை அளக்கப் போய்ட்டுத் திரும்பும்போது டார்ச்சம்மா கட்டையை வெச்சா. நுழையலை. சிரிச்சுக்கிட்டே தள்ளிப் பார்த்தா. எனக்கும் சிரிப்பு. நாளைக்கு சரியாயிடும்னு சொன்னாங்க. அந்த நாளைக்கு வரவே இல்லை. முதல் வாரம் கத்தினேன். ரெண்டாவது வாரம் மேனேஜர்கிட்ட நியாயம் பேசினேன். மூணாவது வாரம் பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டேன். நீ வேலிக்கு அந்தப்பக்கம் நின்னப்போ என் வாயில பதினாறு குச்சி இருந்தது. கையைத் தூக்கினா அடுக்கு சரிஞ்சிடும்னு தூக்கலை. கூடப்பிறந்த தம்பி முகத்தை விட அது பெரிசாப் போச்சு பாரு எனக்கு.

புதுக்கட்டை வந்ததும் எனக்கு மேல இருந்த ஆறு பேரும் முதல் நாளே போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பார்க்கலை. தப்புச் சொல்ல மாட்டேன். அஞ்சு பேரும் நானும் மட்டும் இருந்தோம். பெஞ்சு ரொம்ப நீளமாத் தெரிஞ்சது. நான் தினமும் பெட்டியைக் கட்டுவேன், அப்புறம் அவிழ்ப்பேன்.

மே முப்பதாம் தேதி. சாயங்காலம் அஞ்சு மணி, வேலை முடியற நேரம். சக்கரமெல்லாம் நின்னுடுச்சு. நான் அந்த அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு வாசலுக்குப் போனேன். ஒரு திட்டமும் இல்லை. "வாங்க டாக்டரம்மா, உங்களுக்குன்னே இழைச்ச கட்டை"ன்னு டார்ச்சம்மா நீட்டினா. நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். அவ்வளவுதான் செய்யத் தோணிச்சு. "திறங்கம்மா"ன்னா. நான் நகரலை. வேலை முடிஞ்சு எங்களுக்குப் பின்னால வந்த வரிசையில முதல் ஆள் பட்டை தீட்டுறவர். என்னைச் சுத்திக்கிட்டு முன்னால வந்து நின்னார். போகப்போறார்னு நினைச்சேன். அவரும் வாயைத் திறக்கலை. அவருக்குப் பின்னால வந்தவரும் திறக்கலை.

அப்ப வரிசையில மட்டும் நானூறு பேர், தம்பி. ஒரு இருமல் இல்லை. வேலிக்கு வெளியே ஒரு குழந்தை அழுதது, அதோட அம்மா தூக்கினதும் அதுவும் நின்னுடுச்சு. மேனேஜர் வந்து, "என்ன வேணும் உங்களுக்கு? சொன்னாத்தானே தெரியும்?"ன்னார். யாரும் சொல்லலை. கத்தினார், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், கடைசியில கையெடுத்துக் கும்பிட்டார். நானூறு மூடின வாய் அவரைப் பார்த்துக்கிட்டே நின்னது. நான் ஆரம்பிச்சது மாதிரியே இல்லை. எல்லாரும் ரொம்ப வருஷமா இப்படி நிக்கக் காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்தது.

வெளிச்சம் குறையற நேரம். டார்ச்சம்மா கட்டையையும் டார்ச்சையும் நாற்காலி மேல வெச்சா. ரெண்டு கதவையும் சுவரோரம் வரைக்கும் தள்ளித் திறந்துட்டு, தரையில உட்கார்ந்து முந்தானையால வாயை மூடிக்கிட்டா. "எனக்கே இப்ப நாப்பதுதாங்க வருது"ன்னு அப்புறம் என்கிட்ட சொன்னா.

எல்லாரும் நடந்து வெளியே வந்தோம். பிரிப்புக்காரம்மா மட்டும் வாசல்ல நின்னுட்டா. அவ வீட்டுக்காரர் திரும்ப உள்ளே போய் கையைப் பிடிச்சு, "வா, ஒண்ணும் இல்லை, வா"ன்னு இழுத்துக்கிட்டு வந்தார். மறுவாரம் அதிகாரிங்க வந்தாங்க, உன் பெரிய டாக்டர் புகாராலதான். கட்டை போயிடுச்சு. இப்ப சும்மா டார்ச் அடிச்சுப் பார்க்கிறாங்களாம். ஆலை நடக்குது, யார் வேலையும் போகலை.

நீ முப்பத்தாறுன்னு எழுதினதுக்கு நான் கோபமா இருக்கேனான்னு கேக்காதே. உள்ளே நீ இருந்து வெளியே நான் இருந்திருந்தா, உன் அளவு எதுவோ அதைத்தான் எழுதியிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரலை.

பிரிப்புக்காரம்மாவைத் தாடை வைத்தியத்துக்காகப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். பஸ் ஏறும்போது கண்டக்டர் முன்னால போய் நின்னு, கண்ணை மூடி, தலையை அண்ணாந்து வாயைத் திறந்தா. அவனுக்கு ஒண்ணும் புரியலை. "ஏறுங்கம்மா"ன்னான். டீக்கடை வாசல்லயும் திறந்தா. வார்டு வாசல்லயும் திறந்தா. ஒவ்வொரு தடவையும் நான் மெதுவா, "வேண்டாம்மா, இங்கே யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு சொல்லி மோவாயைத் தடவி மூடி விடறேன்.

நேத்து ரொட்டி வாங்கப் போயிட்டுத் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்னக்கா, பல்லு வலியா?"ன்னான். ஏன் கேக்கறான்னு எனக்கு விளங்கலை. அப்புறம்தான் வாய் காய்ஞ்சு போயிருக்கிறது தெரிஞ்சது. எவ்வளவு நேரமா அப்படி நின்னேனோ.

ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாகிட்ட சொல்லு. பஸ் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். வீட்டுக் கதவைத் திறந்தே வை. வாசல்ல மட்டும் யாரும் நிக்காதீங்க.

அக்கா